வடசென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஐந்து நிமிடப் பேச்சில் கற்றுக்கொள்வது எப்படி

வேலை மாற்றலாகி, கல்யாணமாகி, கல்லூரியில் இடம் கிடைத்து, அல்லது வாடகை கட்டுப்படியாகும் என்று கேள்விப்பட்டு, ஏதோ ஒரு காரணத்தால் தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ எண்ணூரிலோ வீடு எடுத்திருக்கிறீர்கள். பால் எங்கே கிடைக்கும், சிலிண்டர் எப்போது வரும், மெட்ரோ வாட்டர் லாரி எந்தத் தெருமுனையில் நிற்கும் என்பதையெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா முதல் நாளே சொல்லிவிடுவார். நான் எழுதுவது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி.

இங்கே வீடுகள் நெருக்கம், தெருக்கள் குறுகல். தண்ணீர் பிடிக்க, ரயிலேற, மீன் வாங்க, ரேஷன் கடையில் நிற்க, எதற்குப் போனாலும் முன்பின் தெரியாத ஒருவரோடு தோள் உரசித்தான் நின்றாக வேண்டும். நின்றால் பேச்சு வரும். ஐந்து நிமிடம் இருக்கலாம், இரண்டே நிமிடமும் இருக்கலாம். அதற்குள் ஒருவர் இருபது வருஷம் பாடுபட்டுத் தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்லிவிட்டு, தன் ஸ்டேஷன் வந்ததும் இறங்கிப் போய்விடுவார். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பல வருஷமாக இருக்கிறேன். காசைக் கையாள்வது, பிள்ளைகளை வளர்ப்பது, நோயாளியைப் பார்த்துக்கொள்வது என்று பிழைப்புக்கு வேண்டிய எத்தனையோ விஷயங்கள் எனக்கு இப்படித்தான் வந்தன. இதற்குக் கூச்ச சுபாவம் ஒரு தடையே இல்லை. பழகினால் யாருக்கும் வரும்.

1. கேள்விப்பட்டதை ஒரு தாளில் எழுதுங்கள்

வடசென்னை என்றதும் உங்கள் மனதில் என்னென்ன வருகிறதோ அத்தனையையும் எழுதுங்கள். ரவுடி, குடி, புகை, நாற்றம், கெட்ட வார்த்தை, “அந்தப் பக்கமா வீடு எடுத்திருக்க?” என்று சித்தப்பா கேட்டது எல்லாம். யாரிடமும் காட்ட வேண்டாம். எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நமக்குள் என்ன முடிவு ஏற்கெனவே இருக்கிறது என்று தெரியாவிட்டால் அதை ஒதுக்கி வைக்கவும் முடியாது. எழுதாதவர்கள் டீக்கடையில் சத்தமாகப் பேசும் ஒரு ஆளைப் பார்த்ததும் “சொன்னது சரிதான்” என்று நினைத்துக்கொண்டு விலகிப் போய்விடுகிறார்கள். எழுதியவர்களுக்கு “இது நம் தாளில் இருந்ததாயிற்றே” என்று ஒரு நொடி உறைக்கும். அந்த ஒரு நொடி போதும், நின்று கேட்பதற்கு.

அதே தாளின் பின்பக்கத்தில் நான்கைந்து நடந்த விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டது; அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது. பெரம்பூர் பின்னி துணி மில் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் 1949 செப்டம்பர் 18-ல் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்தது. ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை நேரு 1955 அக்டோபர் 2-ல் திறந்து வைத்தார்.

தேர்வு எழுதவா இதெல்லாம் என்று கேட்காதீர்கள். பெரம்பூர் பக்கம் ஒரு பெரியவர் “எங்கப்பா பின்னில இருந்தாரு” என்று ஆரம்பித்தால், “பின்னின்னா?” என்று நீங்கள் விழித்த இடத்திலேயே அவர் நிறுத்திவிடுவார். “1996-ல மூடினாங்களே, அதுக்கப்புறம் வீட்டுல எப்படிச் சமாளிச்சீங்க ஐயா?” என்று கேட்டால், ஒரு குடும்பம் நிலையான சம்பளம் நின்றுபோனதை எப்படித் தாண்டியது என்ற முழுக் கதையும் வரும். வேலையை நம்பி வீட்டுக்கடன் வாங்கியிருக்கும் யாருக்கும் அது உபயோகமான கதை.

2. கை வேலையாக இருப்பவர்களைத் தேடுங்கள்

எங்கே நின்றால் பேச்சு நன்றாக வரும்? என் அனுபவத்தில், கைக்கு வேலை இருந்து வாய் சும்மா இருப்பவர்கள்தான் நன்றாகப் பேசுவார்கள். பூ கட்டும் ஆயா, இஸ்திரி வண்டிக்காரர், தெருமுனை டெய்லர், மத்தியான நேரத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து வலை பின்னுகிறவர். கை தன் பாட்டுக்கு ஓடும். அவர் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நீங்களும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

ரயிலைப் பொறுத்தவரை, 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை போகிறது. வேகம், குளிர்ச்சி, சுத்தம் எல்லாம் உண்டு. ஆனால் அதில் எல்லோரும் போனைப் பார்த்தபடி வருவார்கள். பேச்சுக்குச் சென்ட்ரல் – கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்தான். பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வேறு வேறு தொழில்காரர்கள் ஏறி இறங்குவார்கள். சிக்னலுக்காக நடுவில் நிற்கும்போது யாராவது ஒருவர் ரயிலைத் திட்டுவார். பேச்சு அங்கே ஆரம்பிக்கும். பெண்கள் லேடீஸ் பெட்டியில் ஏறினால் இன்னும் நல்லது. அங்கே முதல் கேள்வியை அவர்களே கேட்டுவிடுவார்கள்.

3. ஏதாவது வாங்குங்கள், முறை சொல்லிக் கூப்பிடுங்கள்

வேடிக்கை பார்க்க வந்தவர் என்று தெரிந்தால் வேடிக்கைப் பேச்சுதான் கிடைக்கும். ஒரு டீயோ கால் கிலோ நெத்திலியோ ரெண்டு முழம் பூவோ வாங்குங்கள். “சார்”, “மேடம்” என்றால் தூரமாகிவிடும். அண்ணா, அக்கா, வயதானவர்களை ஐயா, ஆயா என்று கூப்பிடுவதுதான் இங்கே இயல்பு. அவர்கள் உங்களை “இன்னாபா, எங்க போற?” என்று ஒருமையில் கேட்பார்கள். கொங்கு நாட்டிலிருந்தோ தஞ்சாவூர்ப் பக்கமிருந்தோ வந்தவர்களுக்கு முதலில் சுருக்கென்றிருக்கும். அதில் மரியாதைக் குறைவு துளியும் கிடையாது. வீட்டுப் பிள்ளையைக் கேட்கிற கேள்வி அது. பதில் சொல்லுங்கள். எந்த ஊர், என்ன வேலை, வாடகை எவ்வளவு என்று அடுத்தடுத்து வரும். மழுப்பாமல் சொன்னவர்களுக்குத்தான் திரும்பக் கேட்கும் உரிமை வருகிறது.

4. தொழிலைப் பற்றிக் கேளுங்கள்

இந்தப் படி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

“உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க” என்று ஒருவரிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார்? கஷ்டம்தான் என்பார், அல்லது ஏதோ ஓடுது என்பார். மைக் பிடித்து வருகிறவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். எண்ணூர்க் குப்பங்களில் எண்ணெய் கொட்டியபோதும் வெள்ளம் வந்தபோதும் கேட்டுக் கேட்டு மக்கள் சலித்துப் போயிருக்கிறார்கள். ஆனால் “இதை எப்படிச் செய்யறீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். எவருக்கும் முதுகு நிமிரும். தன் கைத்திறனை மதித்துக் கேட்கிற ஆளுக்குச் சொல்லிக்கொடுக்காதவர்கள் அபூர்வம். அந்தத் தொழில் பேச்சுக்குள்ளேயே வாழ்க்கையும் வந்துவிடும்.

காசிமேட்டையே எடுத்துக்கொள்வோம். மொத்த வியாபார ஏலம் விடிவதற்கு வெகு நேரம் முன்பே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் குறுக்கே போய் நிற்காதீர்கள். ஏலக்காரர் சொல்லும் விலை யார் காதிலும் தவறக் கூடாது. சில்லறை வாங்குகிறவர்கள் விடிந்து போனால் போதும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும், பேச நேரம் இருக்காது. மற்ற நாளில், கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும், கூறு போட்டு விற்கிற அக்காக்களிடம் போங்கள். முதல் போணியில் பேரம் பேசி வாங்காமல் போகாதீர்கள். அதை மனசில் வைத்துக்கொள்வார்கள். விலை கேட்டுவிட்டு, “நல்ல மீன்னு எப்படிக்கா பாக்குறது?” என்று கேளுங்கள்.

நான் அப்படிக் கேட்டபோது ஒரு அக்கா சங்கராவை எடுத்து, “செவுளத் தூக்கிப் பாரு கண்ணு. ரத்தச் சேப்பா இருந்தா எடு. அமுக்குனா குழி வுழக் கூடாது” என்று சொல்லி என் விரலைப் பிடித்தே அமுக்க வைத்தார். அதோடு திரும்பியிருந்தால் மீன் வாங்கக் கற்றிருப்பேன், அவ்வளவுதான். “தடைக்காலத்துல என்ன பண்ணுவீங்க?” என்று அடுத்த கேள்வி கேட்டேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம். அக்கா கையை நிறுத்தாமல் பதில் சொன்னார்: “ஏப்ரல்ல கடலு மூடும்னு யாருக்குத்தான் தெரியாது? தெரிஞ்சி இன்னா பிரயோஜனம். ஆடிலயே சீட்டு கட்டுனவங்களுக்குத்தான் அப்போ சோறு.” சீட்டுப் பணம் ஒரு பக்கம். அந்த இரண்டு மாதத்துக்கென்று கருவாட்டு வியாபாரம் இன்னொரு பக்கம். மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது என்பதால் கேரளாவிலிருந்து ஐஸ் போட்டு வரும் மீன் மூன்றாவது. சின்ன ஃபைபர் படகுகள் கரையோரம் பிடித்து வருவதும் கொஞ்சம் உண்டு. வருமானம் நிற்கும் தேதி தெரிந்த ஒருவர், ஒன்பது மாதம் முன்பே அதற்காக மூன்று வழிகளைத் தயார் செய்து வைத்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் ஜூன் மாதம் பள்ளிக்கூடக் கட்டணம் எப்போதும் இடி மாதிரி வந்து இறங்கும். ஜூன் எப்போது வரும் என்று எங்களுக்கும் தெரியும்தானே? அந்தப் பேச்சுக்குப் பிறகு ஆடியிலிருந்தே அதற்கென்று தனியாக எடுத்து வைக்கிறோம். எந்தப் பொருளாதாரப் புத்தகமும் செய்யாததை, சங்கரா மீன் விற்ற ஒரு அக்கா நான்கு நிமிடத்தில் எங்கள் வீட்டுக்குச் செய்தார். அவருக்கு அது தெரியும், போய்ச் சொன்னேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கேள்வி எப்படி அமைய வேண்டும் என்றால்: முதல் கேள்வி தொழிலின் சின்ன நுணுக்கத்தைப் பற்றி, இரண்டாவது கேள்வி அந்தத் தொழில் சரியாகப் போகாத நாளைப் பற்றி. மூன்றாவது பெரும்பாலும் வேண்டியிருக்காது. இரண்டாவது கேள்விக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அவர் யோசிக்கும் நேரத்தில் நீங்கள் உங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தால், வந்துகொண்டிருந்தது திரும்பிப் போய்விடும்.

5. உங்களுக்குச் சற்று முன்னால் வந்தவரைக் கேளுங்கள்

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் போகாத வடசென்னைக் குடும்பம் இருக்காது. பஞ்சக் காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய இடத்தில் வளர்ந்ததால் பழைய ஆட்களுக்கு அது இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி. அங்கே துணைக்கு இருக்கிறவர்கள் உட்காரும் இடங்களில் நான் கண்ட ஒரு விஷயம்: புதிதாக நோயாளியைக் கொண்டுவந்தவர்கள் பதற்றத்தில், பார்க்க விவரமான ஆள் போல் தெரிகிறவரிடம் போய்க் கேட்கிறார்கள். அவர் ஏதாவது சொல்லி அனுப்புவார். உண்மையில் கேட்க வேண்டியது, மூன்று நாள் முன்னால் அதே பதற்றத்தோடு வந்து இப்போது பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறவரை. காப்பீட்டு அட்டைக்கு எத்தனை ஜெராக்ஸ் எடுத்து வைக்க வேண்டும், எந்தக் கவுண்டர் எப்போது திறக்கும், இரவில் வெந்நீர் எங்கே கிடைக்கும், டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது எதை மறக்காமல் கேட்க வேண்டும் என்பது அவருக்கு இன்னும் பச்சையாக நினைவிருக்கும். முப்பது வருஷ அனுபவசாலி இதையெல்லாம் மறந்திருப்பார். அவருக்கு எல்லாம் சுலபமாகிவிட்டது.

இதை ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் கடைப்பிடிக்கலாம். முதல் குழந்தை பிறந்திருக்கிறதா, ஒரு வயதுக் குழந்தையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கேளுங்கள். கடை போடப் போகிறீர்களா, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் போன வருஷம் கடை போட்டவரைக் கேளுங்கள். பெரிய ஆட்களின் அறிவுரையை மட்டுமே மதிக்கிற பழக்கம் நம்மிடம் அதிகம். நான் அதை ஏற்றுக்கொள்வதில்லை.

6. செய்ததைச் சொல்கிறாரா, கேட்டதைச் சொல்கிறாரா?

மனதைத் திறந்து வைக்கச் சொன்னால், யார் என்ன சொன்னாலும் தலையாட்ட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டியதில்லை. ஒருவர் தன் கையால், காலால், உடம்பால் அறிந்ததைச் சொன்னால் அதற்கு முழு மதிப்புக் கொடுங்கள். கேள்விப்பட்டதைச் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரே ஆள் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வார்.

மழைக்காலத்தில் ஒரு ஆட்டோ அண்ணன், கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏற ஆரம்பித்தால் எந்த வழியாகச் சுற்றிப் போக வேண்டும் என்று சொல்வார். அது அவர் வண்டியைத் தள்ளித் தெரிந்துகொண்டது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அதே அண்ணன் “இந்த வடநாட்டுப் பசங்க வந்து எல்லாம் போச்சு” என்றும் சொல்வார். அது காற்றில் வந்தது. அவரோடு சண்டை போட வேண்டாம். அடுத்த டீக்கடையில், மணலிப் பக்கம் வேலைக்கு வந்திருக்கிற ஒரு ஒடிசாத் தம்பியிடம் நேரே பேசுங்கள். ஊரில் என்ன பயிர், அறுவடைக்குப் போவாயா என்று கேளுங்கள். அவனும் உங்களைப் போலப் புதிதாக வந்தவன்தான். தமிழ் எழுத்து தெரியாமலே பஸ் நம்பரையும் கடைப் பலகையின் நிறத்தையும் வைத்து ஊரைக் கற்றுக்கொள்வது எப்படி என்று அவன் சொல்லித் தருவான்.

எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிறவர்கள் சொல்வதையும் இப்படியே பிரித்துக் கேளுங்கள். கொசஸ்தலை ஆற்றில் எந்த இடத்தில் முன்பு கழுத்தளவு தண்ணீர் நின்றது, இப்போது அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து எங்கே முட்டியளவாகிவிட்டது என்பதைக் கால் வைத்து அறிந்தவர்கள் அவர்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் பரவியதையும் வலையைக் கழுவிக் கழுவிப் பார்த்தவர்கள். அந்த அறிவுக்கு முன்னால் நாம் மாணவர்கள். ஆனால் மஞ்சள் காமாலைக்கு என்ன கட்டினால் சரியாகும் என்று யார் சொன்னாலும், எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், டாக்டரிடம் போங்கள்.

7. முகத்தில் அடித்தாற்போல் பேசினால் உடனே கோபப்படாதீர்கள்

சவுகார்பேட்டையில் மொத்த வியாபாரக் கடைகளில் ஏறினால், “சில்லறை இல்ல, அடுத்த தெரு” என்று நிமிர்ந்தும் பார்க்காமல் சொல்வார்கள். புதியவர்களுக்கு அவமானமாக இருக்கும். யோசித்துப் பாருங்கள்: இல்லாததை இல்லை என்று இரண்டு வார்த்தையில் சொல்லி, எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். உங்கள் நேரம் மிச்சம். “பாக்கலாம், நாளைக்கு வாங்க” என்று நான்கு நாள் அலைய விடுகிற இனிப்பான ஆட்களைவிட இது எவ்வளவோ மேல். முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதும் ஒரு மரியாதை என்று நான் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில்தான் கற்றேன். வேலையிடத்தில் அது எனக்குப் பல உறவுகளைக் காப்பாற்றியிருக்கிறது.

8. கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள்

பாரிமுனையிலிருந்து ராஜாஜி சாலையில் துறைமுகத்தைத் தாண்டிப் போகும்போது எனக்குக் கணித மேதை ராமானுஜன் நினைவு வரும். 1912 மார்ச்சில் அந்தத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அதற்கு முன், வருவாய்த் துறையில் ஒரு சின்ன வேலை கேட்டு, திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் பார்க்கப் போனார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். வேலை கேட்டு வந்த பையனிடம் நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. ஐயர் அதை வாங்கிப் புரட்டினார். இவனைக் கீழ்நிலை உத்தியோகத்தில் போட்டு அமுக்க மனமில்லாமல், சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1913 ஜனவரியில் துறைமுகக் குமாஸ்தாவாக இருந்தபடியே ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்.

வேலை கேட்டு வந்தவனை வேலை கேட்டு வந்தவனாக மட்டும் பார்த்திருந்தால் அந்தச் சந்திப்பு ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நாம் பார்ப்பவர்கள் எல்லோரும் ராமானுஜன் இல்லை, நமக்கு அது தேவையும் இல்லை. வாட்ச்மேன் அண்ணனின் நாற்காலிக்குக் கீழே என்ன புத்தகம் கிடக்கிறது? காய்கறித் தள்ளுவண்டியில் தொங்குகிற பை கேரம் ஸ்ட்ரைக்கர் பையா? கேட்டுப் பாருங்கள்.

9. செய்யக் கூடாதவை

போட்டோ எடுக்காதீர்கள், அவர்களே எடுக்கச் சொன்னால் தவிர. சாதி கேட்காதீர்கள், சுற்றி வளைத்தும் கேட்காதீர்கள். “இங்க ரவுடிங்க யாரு?” என்ற கேள்வி உங்கள் முதல் தாளிலேயே இருக்கட்டும். குடித்திருப்பவரிடம் நின்று பேச வேண்டாம். மூலக்கொத்தளம் சுடுகாட்டுப் பக்கம் சாவு ஊர்வலம் போகும்போது பறையும் கானாவும் கேட்கும்; ஓரமாக நின்று வழிவிடுங்கள், அப்போது பேச்சு வேண்டாம். ஒருவர் அழுத கதையை வேறொருவரிடம் பெயரோடு சொல்லாதீர்கள். யாராவது பேச விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். அவருக்கும் ஒரு நாள் இருக்கிறது.

10. ஃபாலோ போடுங்கள்

புதுவண்ணாரப்பேட்டை, காசிமேடு தெருக்களில் மாலையில் கேரம் போர்டைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தத் தெருக்களிலிருந்து போன பெண்தான். கேரத்தில் ரெட் காயைக் குழியில் போட்டால் மட்டும் போதாது; உடனே தன் காய் ஒன்றை ஃபாலோ போட வேண்டும். போடாவிட்டால் ரெட் மறுபடி நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். கேட்டுக் கற்றதும் அப்படித்தான்.

அதற்கு நான் கடைப்பிடிப்பது இது. அன்று இரவே மூன்று வரி எழுதுகிறேன்: யார் (பெயர் வேண்டாம், தொழில் போதும்), என்ன சொன்னார், நான் எதை மாற்றிச் செய்து பார்க்கப் போகிறேன். மூன்றாவது வரி எழுத வராவிட்டால் அந்தப் பேச்சு இனிமையானது, அவ்வளவுதான், அதில் தவறில்லை. மூன்றாவது வரி இருந்தால் ஒரு வாரத்துக்குள் சின்ன அளவிலாவது செய்து பார்க்கிறேன். செய்து பார்த்து ஒத்துவராததும் உண்டு. அதையும் எழுதுகிறேன்.

பிறகு, முடிந்தால், திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். “நீங்க சொன்ன மாதிரி ஆடியிலேருந்து எடுத்து வெச்சேங்க்கா, ஜூன்ல கடன் வாங்கல” என்று நான் சொன்னபோது, அந்த மீன்கார அக்கா பக்கத்துக் கூறுக்காரரைக் கூப்பிட்டு, “பாரு, நான் சொன்னத செஞ்சிக்கீது” என்று சொல்லிக் காட்டினார். தனக்குத் தெரிந்தது ஒரு அறிவு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. கற்றுக்கொண்டவர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரயிலில் பார்த்தவரைத் தேட முடியாது. அப்படிப்பட்டவர்களுக்காக, அடுத்து உங்களிடம் வழி கேட்கும் புதியவரோடு இரண்டு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள்.

முதல் வாரத்துக்கு

முதலிரண்டு நாள் உங்கள் தெரு மட்டும் போதும்: இஸ்திரி வண்டி, பூக்கடை, டீக்கடை. மூன்றாம் நாள் எண்ணூர் வரை மின்சார ரயிலில் போய் வாருங்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். நடுவில் ஒரு மாலை பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ கடைக்குப் போங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, நூடுல்ஸையும் கோஸையும் கையால் பிசைகிற அளவு எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள். கூடவே வாழைத்தண்டு சூப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு மாலை வியாசர்பாடியில் பிள்ளைகள் கால்பந்து ஆடும் மைதானத்தில் ஓரமாக உட்காருங்கள். காசிமேட்டை வாரக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலை போங்கள், ஞாயிறு வேண்டாம். ஏப்ரல் பாதிக்கு மேல் குடிவந்தவர்கள் அதை ஜூன் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, அந்த இரண்டு மாதமும் கரையில் வலை பின்னுகிறவர்களிடம் போகலாம். அவர்களுக்கு அப்போதுதான் நேரம் இருக்கும்.